போகிற ஊரில் தவக்காலம்



தவக்காலம் தொடங்கிவிட்டால் பங்குத்தந்தையரின் அறைவாசலில் சில கேள்விகள் தவறாமல் வந்து நிற்கும். "சாமி, பெரிய வெள்ளி முழுக்க விமானத்தில் இருப்பேன். ஒருசந்தியை என்ன செய்யறது?" என்பார் ஒருவர். "கம்பெனி வேலையா ஜப்பான் போறேன் சாமி, ஞாயிறு பூசை கிடைக்கலைன்னா பாவமா?" என்பார் இன்னொருவர். துபாயில் வேலை பார்க்கும் மகன், வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் கறிக்குழம்பு ஊற்றினால் என்ன செய்வான் என்பது ஓர் அம்மாவின் கவலை. கேள்விகள் வேறுவேறு. அடியில் ஓடும் எண்ணம் ஒன்றுதான்: விசுவாசம் சொந்த ஊரில் இருப்பது, வெளியூர் போகும்போது அதைச் சேதாரமில்லாமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

இந்த எண்ணம் சரிதானா என்று பார்ப்பதே இன்றைய உரையின் வேலை. திருச்சபையின் நெடுங்காலப் பயண அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. பயணி தன் ஊர்த் தவக்காலத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. போகிற ஊரிலும் ஒரு திருச்சபை தவக்காலத்தை அனுசரித்துக்கொண்டுதான் இருக்கிறது. பயணியின் விசுவாசத்தைக் காப்பதில் அவருடைய வைராக்கியத்தைவிட, அவரைச் சேர்த்துக்கொள்ளும் ஊருக்கே பங்கு அதிகம்.

முதல் சாட்சி ஒரு தாய். புனித அகுஸ்தீனாரின் அன்னை மோனிக்கா. இன்றைய அல்ஜீரியாவில் பிறந்து வளர்ந்தவர். மகனைத் தேடிக் கடல் கடந்து 385-ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் மிலான் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் ஒரு குழப்பம். அவர் ஊரில் சனிக்கிழமை நோன்பு உண்டு, ரோமையிலும் உண்டு. மிலானிலோ சனிக்கிழமை யாரும் நோன்பிருக்கவில்லை. எதைப் பின்பற்றுவது? மகன் அப்போது ஞானஸ்நானம் பெறாதவர், இந்த விஷயங்களில் அக்கறையும் இல்லாதவர். ஆனாலும் அம்மாவின் மனநிம்மதிக்காக மிலான் ஆயர் அம்புரோசியாரிடம் போய்க் கேட்டார்.

அம்புரோசியாரின் பதிலை, பல ஆண்டுகளுக்குப் பிறகு சனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அகுஸ்தீனார் பதிந்துவைத்திருக்கிறார். ரோமையில் இருக்கும்போது ஆயரும் சனிக்கிழமை நோன்பிருப்பாராம். மிலானில் இருக்கும்போது இருப்பதில்லையாம். எந்த ஊர்த் திருச்சபைக்குப் போகிறீர்களோ அந்த ஊர் வழக்கப்படி நடந்துகொள்ளுங்கள். நீங்களும் யாருக்கும் இடறலாக இருக்க வேண்டாம், பிறரைப் பார்த்து நீங்களும் இடறிவிழ வேண்டாம் என்பதே அவர் சொன்னதன் சாரம். ரோமுக்குப் போனால் ரோமானியரைப் போல நட என்று உலகமெல்லாம் சொல்லப்படும் பழமொழிக்கு இந்தப் பதிலையே மூலமாகக் காட்டுவார்கள். இன்று அதை உடுப்புக்கும் சாப்பாட்டுக்கும் சொல்கிறோம். அது பிறந்ததென்னவோ நோன்பைப் பற்றிய ஒரு பயணியின் கேள்வியில்.

மோனிக்காவின் கதையில் இன்னொரு காட்சியும் உண்டு. மறைசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கஞ்சியும் ரொட்டியும் திராட்சை ரசமும் கொண்டுபோவது ஆப்பிரிக்க வழக்கம். மிலானிலும் அவர் அப்படியே கூடையோடு போனார். வாயிற்காவலர் தடுத்துவிட்டார், ஆயர் அதற்குத் தடை போட்டிருந்தார். நம்மில் பலர் அந்த இடத்தில் "எங்க ஊர்ல இப்படித்தான்" என்று வாதாடத் தொடங்கியிருப்போம். மோனிக்கா பேசாமல் கூடையைத் திருப்பிக் கொண்டுபோனார். பழகிய வழக்கத்தை அம்மா எவ்வளவு எளிதாக விட்டுவிட்டார் என்று மகனே வியந்து எழுதியிருக்கிறார்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் எகேரியா என்ற பெண்மணி மேற்கு ஐரோப்பாவிலிருந்து எருசலேமுக்குத் திருப்பயணம் போய், பார்த்ததையெல்லாம் தன் ஊர்ச் சகோதரிகளுக்கு எழுதினார். அந்தக் கையெழுத்துப் படி 1884-இல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. எருசலேமில் தவக்காலம் எட்டு வாரம் நீண்டது என்கிறார். குருத்து ஞாயிறன்று ஒலிவ மலையிலிருந்து மக்கள் கிளைகளோடு ஆயரை அழைத்து வந்ததையும், நடக்க முடியாத பிள்ளைகளைப் பெற்றோர் தோளில் சுமந்து வந்ததையும் சொல்கிறார். பெரிய வெள்ளியன்று சிலுவை மரத்தை மக்கள் வரிசையாக வந்து குனிந்து முத்தமிடும்போது திருத்தொண்டர்கள் சுற்றி நின்று காவல் காத்தார்களாம். ஏனென்றால் முன்னொரு முறை முத்தமிட வந்த ஒருவர் மரத்தைக் கடித்து ஒரு துண்டைத் திருடிக்கொண்டு போய்விட்டாராம்! பக்தி முற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு 1,600 ஆண்டுக்கு முந்தைய சாட்சியம்.

அவர் எழுதியதில் இன்றைய பயணிக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. எருசலேம் ஆயர் கிரேக்கத்தில் மட்டுமே பேசுவார். பக்கத்தில் ஒரு குரு நின்று சிரியாக் மொழியில் சொல்வார். லத்தீன் மட்டும் தெரிந்து தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு, கிரேக்கமும் லத்தீனும் தெரிந்த சகோதர சகோதரிகள் விளக்கிச் சொல்வார்கள். வந்தவர் மனம் வாடக் கூடாது என்ற அக்கறை அந்த ஏற்பாட்டில் தெரிகிறது. பயணிக்கு மொழி புரியவில்லை என்ற பிரச்சினையும் பழையது. உள்ளூர்க்காரர்கள் அதைத் தீர்த்துவைத்த முறையும் அவ்வளவே பழையது.

ஊர் என்று ஒன்று கண்ணில் படாத நடுக்கடலில் என்ன செய்வது? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. மகெல்லனின் கப்பல்கள் 1519-இல் ஸ்பெயினிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டன. 1521 மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறன்று, இன்றைய பிலிப்பைன்ஸ் தீவு ஒன்றின் கரையில் திருப்பலி நிறைவேற்றினார்கள். அந்தத் தேதியை அந்நாட்டுக் கத்தோலிக்கர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். நான்கு வாரம் கழித்து மகெல்லன் அந்தத் தீவுக் கூட்டத்திலேயே கொல்லப்பட்டார். எஞ்சிய ஒரே கப்பலான விக்டோரியா உலகைச் சுற்றிக்கொண்டு 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளுக்கு வந்தது. பயணம் முழுக்க நாட்குறிப்பு எழுதிவந்த பிகாஃபெட்டா கணக்குப்படி அன்று புதன்கிழமை. கரைக்குப் போய் வந்தவர்கள் வியாழக்கிழமை என்றார்கள். ஒருநாள்கூட விடாமல் எழுதியவருக்கு நம்பவே முடியவில்லை.

சூரியன் போகும் திசையிலேயே உலகைச் சுற்றியதால் ஒரு நாள் காணாமல் போயிருந்தது. அதன் பலன் என்ன? அவர்கள் ஸ்பெயின் கணக்கில் வெள்ளிக்கிழமைகளில் புலால் தின்றிருக்கிறார்கள். ஞாயிறு என்று நினைத்துத் திங்கட்கிழமை உயிர்ப்புப் பெருவிழா கொண்டாடியிருக்கிறார்கள். அந்தச் செப்டம்பரில் ஸ்பெயினை அடைந்தவர்கள் 18 பேர். பசியாலும் நோயாலும் வற்றிப்போயிருந்த அவர்கள், நேர்ந்துகொண்டபடி, கையில் மெழுகுவத்தியோடு வெறுங்காலில் கோயிலுக்கு நடந்தார்கள்.

அந்தத் தொலைந்த நாள் இன்றும் பயணிகளைப் படுத்துகிறது. வியாழன் இரவு லாஸ் ஏஞ்சல்ஸில் சிட்னி விமானம் ஏறுகிறவர் சனிக்கிழமை காலையில் இறங்குவார். நடுவில் இருந்த வெள்ளி கரைந்துபோயிருக்கும். வெள்ளி காலையில் சிட்னியிலிருந்து திரும்புகிறவரோ அதே வெள்ளியின் விடியற்காலையில் அமெரிக்காவில் இறங்கி, வெள்ளியை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். போகும்போது தப்பித்தோம், வரும்போது மாட்டிக்கொண்டோம் என்று சிரிக்கலாம். பயணி நிற்கிற ஊரின் கடிகாரத்தையும் நாட்காட்டியையும் எடுத்துக்கொள்வதே நடைமுறை. கைபேசியில் சென்னை நேரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பது வீண் மண்டையுடைப்பு.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம்மில் பலர் பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, ஒருசந்தி கடமையாக உள்ள நாள்கள் வருடத்தில் இரண்டே இரண்டு: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60-ஆம் வயது தொடங்கும் வரைதான். ஒருசந்தி என்றால் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடப்பதல்ல. ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்ற வேளைகளில் ஊர் வழக்கப்படி சிறிது உணவு. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒழுங்குபடுத்திக் கொடுத்த முறை இது. புலால் தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு, அந்த இரண்டு நாளிலும் தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும் கடமை. மீன், முட்டை, பால் ஆகியவை இந்தத் தடையில் வராது. நாற்பது நாளும் மீன் முட்டைகூடச் சேர்க்காமல் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அது போற்றத்தக்க பக்தி முயற்சி; ஆனால் சட்டம் அவ்வளவு கேட்கவில்லை. அந்த வேறுபாடு தெரியாததால்தான் விமான நிலைய உணவகத்தில் முட்டை தோசையை முன்னால் வைத்துக்கொண்டு ஒருவர் பாவ பயத்தில் தவிக்கிறார்.

நோன்பை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கும் சலுகை இஸ்லாத்தில் பயணிகளுக்கு உண்டு. கத்தோலிக்கச் சட்டம் அப்படிப் பொதுவான பயணச் சலுகை தருவதில்லை. பெரிய வெள்ளி ஒருசந்தி உலகெங்கும் கட்டும். அதற்குப் பதிலாக வேறொரு வழி வைத்திருக்கிறது. தக்க காரணம் இருந்தால் பங்குத்தந்தையே ஒருவருக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்குத் தரலாம், அல்லது வேறு பக்தி முயற்சியாக மாற்றிக் கொடுக்கலாம். நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக மருத்துவமனைக்கு அலைகிறவர், இரவும் பகலும் லாரி ஓட்டுகிறவர் ஆகியோர் கேட்டால் எந்தக் குருவும் முகம் சுளிக்கமாட்டார். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆயர்கள் தரும் விலக்கும் ஊருக்கு ஊர் மாறும். புனித பேட்ரிக் திருநாளான மார்ச் 17, 2017-இலும் 2023-இலும் தவக்கால வெள்ளியில் வந்தது. ஐரிஷ் மரபினர் அன்று இறைச்சி சமைத்துக் கொண்டாடுவது வழக்கம் என்பதால் அமெரிக்காவின் பல மறைமாவட்டங்களில் அன்றைக்கு விலக்கு அளித்தார்கள், சிலவற்றில் அளிக்கவில்லை. ஒரு மறைமாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் சாப்பிடலாம், அந்தப் பக்கம் கூடாது என்ற நிலை. அங்கே அன்று வந்திருக்கும் பயணிக்கும் அந்த ஊர் ஆயரின் விலக்கு பொருந்தும். மோனிக்காவுக்குச் சொன்ன பதிலின் வாசனை இதிலும் அடிக்கிறது.

திருப்பலியைப் பற்றியும் தேவையற்ற பயங்கள் உண்டு. திருநீற்றுப் புதன், பெரிய வியாழன், பெரிய வெள்ளி மூன்றுமே கடன்திருநாள்கள் அல்ல. நெற்றியில் சாம்பல் பூச முடியாமல் போனது பாவம் ஆகாது. பெரிய வெள்ளியன்று திருப்பலியே கிடையாது, திருப்பாடுகளின் வழிபாடுதான். கடமை என்பது ஞாயிறு திருப்பலி. அதையும் சனிக்கிழமை மாலையில் நிறைவேற்றலாம்; எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையிலும் நிறைவேற்றலாம். தவக்காலத்தில் கேரளத்துக்குப் போகிற தமிழர் சீரோ மலபார் கோயிலில் குர்பானாவில் பங்கேற்றாலே போதும். அங்கே தவக்காலம் புதன்கிழமை தொடங்காது, திங்கட்கிழமையே தொடங்கிவிடும் என்பதையும் பார்த்துவிட்டு வரலாம். பாலைவன முகாமிலோ நடுக்கடலிலோ குருவே இல்லாத இடத்தில் இருப்பவரை, தனியாகவோ குடும்பத்தோடோ குழுவாகவோ செபிக்கும்படி சட்டம் பரிந்துரைக்கிறது. அவர்மீது குற்றம் சாட்டவில்லை.

நற்கருணை வாங்குவதற்கு முந்தைய உண்ணாநோன்பின் கதையைப் பார்த்தால், பயணிக்காகச் சட்டம் எவ்வளவு இறங்கிவந்திருக்கிறது என்பது விளங்கும். நம் தாத்தா பாட்டி காலத்தில் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலும் நற்கருணை கிடையாது. இரவு ரயிலில் வந்து இறங்கியவர் தொண்டை வறண்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். 1953-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், தண்ணீர் நோன்பை முறிக்காது என்றார். நெடுந்தூரம் வருகிறவர்களுக்குச் சலுகையும் கொடுத்தார். மாலைத் திருப்பலிக்கும் வழிவிட்டார். 1957-இல் நோன்பு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. 1964-இல் ஒரு மணி நேரமானது. இன்றுவரை அப்படியே இருக்கிறது.

இவ்வளவு இடம் கொடுத்த பிறகும் பயணிகள் ஏன் தவறவிடுகிறார்கள்? பெரும்பாலும் சோம்பல், அதற்கு அடுத்தது கூச்சம். தெரியாத ஊர், தெரியாத மொழி, தெரியாத முகங்கள். விடுதி அறையிலேயே கைபேசியில் சொந்தப் பங்கின் நேரலைத் திருப்பலியைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றுகிறது. 2020 தவக்காலத்தில் கொரோனாவால் கோயில்கள் அடைபட்டபோது நேரலை பலருக்கு ஆறுதலாக இருந்தது உண்மை. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு இன்றும் அது வரம். நடக்கும் தூரத்தில் கோயில் மணி கேட்கும்போது, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் சொந்த ஊர்ப் பீடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது மோனிக்கா செய்ததற்கு நேர்மாறான காரியம்.

மொழி தெரியாதது பெரிய தடையே இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969-இலிருந்து, ரோமை வழிபாட்டு முறையில் வாசகங்கள் உலகெங்கும் ஒரே அட்டவணைப்படி அமைகின்றன. வார்சாவிலும் நைரோபியிலும் நாகர்கோவிலிலும் ஒரே ஞாயிறில் ஒரே நற்செய்திதான். தமிழ் வாசகத்தைக் கைபேசியில் முதல்நாளே படித்துவிட்டுப் போனால், குரு போலிஷ் மொழியில் வாசித்தாலும் கதை எங்கே போகிறது என்று தெரியும். ஜப்பான் போகிறவரின் கேள்விக்கும் பதில் உண்டு. டோக்கியோவில் யொட்சுயா ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே புனித இஞ்ஞாசியார் ஆலயம் இருக்கிறது. ஜப்பானிய மொழியோடு ஆங்கிலம், ஸ்பானியம், வியட்நாமியம் எனப் பல மொழிகளில் அங்கே திருப்பலி நடக்கிறது. ஊர் வழக்கங்கள் மட்டும் சற்று வேறுபடும். நம் ஊரில் நெற்றியில் சிலுவையாக இடும் சாம்பலை ரோமாபுரியில் உச்சந்தலையில் தூவுவார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்று ஏமாற வேண்டியதில்லை.

வேலைக்குப் போன இடத்திலேயே வருடக்கணக்கில் தங்கிவிடும் பயணிகளின் நிலை வேறு. வளைகுடாவில் வெள்ளிதான் வார விடுமுறையாக இருந்துவந்தது. அதனால் ஞாயிறு வழிபாட்டையே வெள்ளியன்று கொண்டாடும் வழக்கம் அங்கே வேரூன்றியது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியது. வெள்ளி அரைநாள் ஆனது. துபாயில் 1967-இல் எழுந்த புனித மரியா ஆலயத்தில் ஆங்கிலம், அரபி, மலையாளம், தகலோக் ஆகியவற்றோடு தமிழிலும் திருப்பலி உண்டு. வெள்ளி இன்னும் விடுமுறையாக உள்ள இடங்களில், அறையில் கூடச் சாப்பிடும் நண்பர்களுக்கு விடுமுறைப் பிரியாணி நாளும், தவக்காலச் சுத்தபோசனமும் ஒரே கிழமையில் வந்து மோதுவது அந்த வாழ்க்கையின் ஒரு சங்கடம். 2025-இல் ரமலான் மார்ச் 1 அன்றும் தவக்காலம் மார்ச் 5 அன்றும் தொடங்கின. மதிய வேளையில் ஒரே தொழிலாளர் குடியிருப்பில் கட்டிலுக்குக் கட்டில் ஏதாவது ஒரு நோன்பு நடந்தது. அந்த அம்மாவின் மகனுக்குத் துணைக்கு ஆள் இல்லாமல் போகவில்லை.

கப்பல் தொழிலாளர்களைத் தேடித் திருச்சபையே போகிறது. 1920-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் சிலர் தொடங்கிய கடலோடிகள் திருத்தூதுப் பணி, இன்று ஸ்டெல்லா மாரிஸ் என்ற பெயரில் உலகத் துறைமுகங்களில் இயங்குகிறது. கப்பல் கரையில் நிற்கும் சில மணி நேரத்தில் ஆன்மகுரு கப்பலேறி, மாலுமிகள் சாப்பிடும் மேசையையே பீடமாக்கித் திருப்பலி நிறைவேற்றிவிட்டு இறங்குவார். பாஸ்டன் விமான நிலையத்தில் 1951-இல் ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். அதை முதலில் கட்டியது பயணிகளுக்காக அல்ல. இரவு பகலாக அங்கே வேலை பார்த்த ஊழியர்களுக்காக. ஊழியர்களுக்காகத் திறந்த கதவில் பயணிகளும் நுழைந்தார்கள்.

தமிழ் மண்ணுக்கும் இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. புனித பிரான்சிஸ் சவேரியார் 1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனில் கப்பலேறியபோது தவக்காலம் முடியவில்லை. பத்தாம் நாள் உயிர்ப்பு ஞாயிறு, கடலிலேயே கழிந்தது. கோவாவுக்கு வந்து சேர 13 மாதம் ஆனது. பிறகு முத்துக்குளித்துறையில் நம் மக்களுக்கு நடுவே மந்திரங்களைத் தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டு நடந்தார்.

புனித அருளானந்தரின் கதை இன்னும் நெருக்கமானது. போர்ச்சுகலின் அரண்மனைச் சூழலில் வளர்ந்த அவர், இங்கே பண்டாரசுவாமியாகக் காவி உடுத்து, மரக்கறி மட்டும் உண்டு, மறவர் நாடெங்கும் கால்நடையாக அலைந்தார். குறிப்பிட்ட சில நாள்களில் மட்டும் புலால் வேண்டாம் என்றுதான் ரோமை கேட்டது. அவர் வந்து சேர்ந்த ஊரின் வழக்கம் துறவிக்கு வருடம் முழுக்க வேண்டாம் என்றது. அவர் ஊர் வழக்கத்தை எடுத்துக்கொண்டார். நடுவில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டும் அங்கே தங்காமல் 1690-இல் திரும்பிவந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22. அதற்கு முன்னால் அது வர முடியாது. ஆகவே அவர் உயிர்விட்ட நாள் திருநீற்றுப் புதன். நாட்காட்டியில் அந்தப் புதன் எவ்வளவு சீக்கிரம் வர முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வந்த ஆண்டு அது.

தவக்காலப் பயணத்தைக் கண்ணாரப் பார்க்க விரும்புகிறவர்கள் கச்சத்தீவுக்குப் போக வேண்டும். 285 ஏக்கர் நிலம். குடியிருப்பு இல்லை, குடிநீர் இல்லை. இருப்பது அந்தோனியார் கோயில். பெரும்பாலும் தவக்காலத்தின் ஒரு வெள்ளி, சனியில் அங்கே திருவிழா. 2023-இல் மார்ச் 3, 4. 2025-இல் மார்ச் 14, 15. ராமேஸ்வரத்திலிருந்தும் யாழ்ப்பாணப் பக்கமிருந்தும் படகுகள் வரும். உள்நாட்டுப் போர்க் காலத்தில் தடைபட்ட திருவிழா இது. 1974-இல் இந்திய, இலங்கை அரசுகள் செய்த ஒப்பந்தத்தில் இந்தியத் திருப்பயணிகள் பயண ஆவணம் இல்லாமல் வந்துபோகலாம் என்று ஒரு பிரிவே இருக்கிறது.

வெள்ளி மாலை கொடியேற்றம். பிறகு சிலுவைப் பாதை. பாக்கு நீரிணையின் இரு கரைக்காரர்களும் ஒரே சிலுவைக்குப் பின்னால் நிலை நிலையாக நடந்து மணலில் முழந்தாளிடுகிறார்கள். இரவு தேர்ப் பவனி. கூடாரத்திலும் மரத்தடியிலும் படுத்தெழுந்து, சனி காலை யாழ்ப்பாண மறைமாவட்டக் குருக்கள் நிறைவேற்றும் திருவிழாத் திருப்பலி கண்டு, படகேறிக் கலைகிறார்கள். வலை அறுப்பும் படகுப் பறிமுதலும் சிறையுமாக வருடம் முழுக்க ஓயாத கடல் அது. மீனவர் கைதைக் கண்டித்து 2024-இல் ராமேஸ்வரத்து மக்கள் போகாமலே இருந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மறுபடி போனார்கள். அந்தத் தீவில் எல்லாருமே பயணிகள். அன்றைக்கு மட்டும் இந்தக் கரைக்காரருக்கு அந்தக் கரைக்காரரே பங்கு மக்கள்.

வெளிநாடு போகிற நம் பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியாயிற்று. நம் ஊருக்கு வந்திருக்கும் பயணிகளைப் பற்றியும் பேச வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சென்னையின் கட்டட வேலைகளிலும் ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களிலிருந்து வந்த ஆதிவாசிக் கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885-இல் சோட்டா நாக்பூரில் தொடங்கிய பணியின் வழியில் வந்த, ஒரு நூற்றாண்டு தாண்டிய விசுவாசம் அவர்களுடையது. தவக்கால வெள்ளி மாலையில் வேலை முடித்துத் தலையில் சிமென்ட் தூசியோடு நம் கோயில் வாசலில் தயங்கி நிற்கிறவர் யார் என்று நாம் விசாரிப்பதுண்டா? பின்வரிசையில் நின்றுவிட்டு, யாரும் ஒரு வார்த்தை பேசாமல், வந்த வழியே திரும்பிப் போகிறார். துபாயில் நம் மகனுக்கு யாராவது செய்ய வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதை, இங்கே வேறொரு தாயின் மகனுக்கு நாம் செய்யவில்லை.

ஆகவே இந்த அவைக்கு ஒரு வேண்டுகோள். பயணம் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே போகிற ஊரின் கோயிலையும் பூசை நேரத்தையும் பார்த்துவையுங்கள். விமானத்தில் சைவ உணவு வேண்டுமென்றால் ஒரு நாளாவது முன்னதாகச் சொல்லிவையுங்கள். சந்தேகம் இருந்தால் புறப்படும் முன் பங்குத்தந்தையைக் கேளுங்கள். போய்ச் சேர்ந்ததும் அந்த ஊர்க் குருவிடம் போய் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கப்போகிறவர்களுக்கு வேலை இன்னும் அதிகம். கோயில் வாசலில் திருப்பலி நேரங்களை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிவையுங்கள். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்கு இந்திச் செபத் தாள் ஐம்பது பிரதி எடுத்துவையுங்கள். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது வெளிமாநிலத் தொழிலாளர் இருவரையாவது அழையுங்கள். பெரிய வாரத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. வருகிற ஞாயிறு பங்குப் பேரவைக் கூட்டத்திலேயே இதைப் பேசித் தொடங்கிவிடலாம்.